சிவப்புக் கோடில்லாத நட்

நான் ஒருத்தரையும் லேசில நம்பிறேல்லை. இதைப் பெருமையாச் சொல்லேல்லை, ஒளிக்கிறதுக்கும் ஒண்டுமில்லை. பெற்றோல் அடிக்கேக்கை மீற்றர் பூச்சியத்திலதான் நிக்குதோ எண்டு ரெண்டு தரம் பாப்பன். இறைச்சிக் கடைக்காரன் என்னைப் பாத்துச் சிரிச்சால், இண்டைக்கு இறைச்சி பழசு எண்டு நினைப்பன். மனிசி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைச்சிட்டு "ஆறப்போகுது, குடியுங்கோ" எண்டு அன்பாச் சொன்னால், என்னவோ கேக்கப்போறாள் எண்டு விளங்கும். அநேகமா அது சரியாத்தான் இருக்கும்.

அந்த வியாழக்கிழமையும் தேத்தண்ணி அப்பிடித்தான் வந்தது.

நான் டைல்ஸ் பதிக்கிறவன். வீடு மல்கிரேவில. வேலை முக்கால்வாசியும் நகரத்தின்ர மற்றப் பக்கத்தில, டார்னெய்ட்டுக்கும் அங்காலை, ரோட்டே போட்டு முடிக்காத புதுக் காணியளில. மழை பெய்தால் அந்த மண் களியாப் போயிடும். என்ர வாகனம் ஒரு யூட், பின்பக்கம் திறந்த தட்டு வைச்சது. அதில டைல்ஸ் பெட்டியளையும் பசை மூட்டையளையும் ஏத்தினால் பின்பக்கம் குந்திக்கொண்டு போகும், வயிறு நிலத்தில உரஞ்சும். ரெண்டு தரம் புதைஞ்சு போச்சு. ரெண்டாந் தரம் பைப் வேலைக்கு வந்த வெள்ளைக்காரன் ஒருத்தன் கயிறு கட்டி இழுத்துவிட்டிட்டு, சிரிச்சான். அண்டைக்கே முடிவெடுத்தன். நாலு பக்கமும் புது ஸ்பிரிங் போட்டு யூட்டை ரெண்டு இஞ்சி உயர்த்திறது. ரயரையும் பெரிசாக்கிறது.

முதல் ஒரு கராச்சுக்குத்தான் போனன். அங்கை நிண்டவன் யூட்டுக்குக் கீழ குனிஞ்சுகூடப் பாக்கேல்லை, ரெண்டு நாளைக்கு விட்டிட்டுப் போ எண்டான். ஒரு நாள் வேலைக்கு எதுக்கு ரெண்டு நாள்? ரெண்டாம் நாள் என்ர சாமான் எதைக் கழட்டிப்போட்டு எந்தப் பழசைப் பூட்டப்போறான்? யூட்டின்ர திறப்பை வாங்கிக்கொண்டு வந்திட்டன். சாமான் முழுக்க நானே வாங்கி வீட்டுக்கு இறக்கினன். ரெண்டு கிழமையா அது வீட்டுக் கராச்சுக்குள்ள பெட்டியோட கிடந்தது.

"தம்பி வந்து பூட்டித் தருவான்," எண்டாள் மனிசி.

எனக்குத் தேத்தண்ணி கைச்சுது. அவளின்ர தம்பி டார்னெய்ட்டில தனிய இருக்கிறான். பெரிய லொறியள் திருத்திற மெக்கானிக். வேலையில கெட்டிக்காரன் எண்டு எல்லாரும் சொல்லுவினம்.

"அவனுக்கு ஏன் கரைச்சல்?" எண்டன்.

"கரைச்சலோ? இஞ்சேருங்கோ, அவனுக்கு அவ்வளவு தூரத்தில, பேர்த்தில வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை மறுமொழி சொல்லவேணும். ஏன் போறான் எண்டு உங்களுக்குத் தெரியும்."

"எனக்கென்ன தெரியும்?"

"இந்த வீட்டுக்கு வந்தால் உங்கட முகத்தைப் பாக்கேலாமக் கிடக்காம். அக்கா, அத்தானுக்கு நான் என்ன செய்தனான் எண்டு கேக்கிறான். நான் என்னத்தைச் சொல்ல?" அவள் கதிரையை இழுத்து எனக்கு முன்னால இருந்தாள். "அம்மா அப்பா இல்லை. பெரியண்ணா எங்கை எண்டே தெரியாது. எனக்கெண்டு இருக்கிற ரத்தம் அவன் ஒருத்தன்தான். சனிக்கிழமை வாறான். மனிசர் மாதிரி நடவுங்கோ. அவன் பேர்த்துக்குப் போனானெண்டால், நான் உங்களுக்குச் சமைச்சுத் தருவன், உடுப்புத் தோய்ச்சுத் தருவன், வாய் திறக்கமாட்டன்."

செய்யக்கூடியவள். முந்தி ஒருக்கா பதினொரு நாள் செய்து காட்டினவள்.

அவளுக்கு நான் சொல்லாத விசயம் ஒண்டு இருந்தது. மூண்டு வருசத்துக்கு முதல், த பேசின் எண்ட மலையடி ஊரில இருக்கிற கோயில் கார் பார்க்கில ஒரு அங்கிள் என்ர முழங்கையைப் பிடிச்சுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். வேட்டிக்கு மேல கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, பிரசாதத் தொன்னையோட நிக்கிற மனிசன். "உம்மட மச்சானை எனக்கு ஊரிலயே தெரியும்," எண்டார். "பிடிபட்டு உள்ளுக்கு இருந்தவர். ரெண்டு மாசத்தில வெளியில வந்தவர். உள்ளுக்குப் போனவன் சும்மாவோ வெளியில வந்தவன்? தலையாட்டியா இருந்தவர் எண்டு கதை. உங்கட பக்கமும் கொண்டுவந்தவங்களாம். நெருப்பில்லாமல் புகையாது தம்பி."

தலையாட்டி எண்டால் இப்பத்தைப் பிள்ளையளுக்குப் பூம்பூம் மாடுதான் தெரியும். எங்களுக்கு அது வேற. ஆமிக்காரர் ஊரைச் சுத்தி வளைச்சு, ஆம்பிளையள் எல்லாரையும் பள்ளிக்கூட வளவுக்குள்ள வரிசையா விடுவாங்கள். வரிசை முடியிற இடத்தில ஒருத்தன் சாக்கால முகத்தை மூடிக்கொண்டு இருப்பான், கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. ஒவ்வொருத்தரா அவனுக்கு முன்னால போய் நிக்கவேணும். அவன் தலையை ஆட்டினால் ஆளை லொறியில ஏத்துவாங்கள். ஆட்டாட்டி வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான் விசாரணை.

எங்கட ஊரில அவனைப் பிக்கப் ஒண்டின்ர முன் சீற்றில இருத்தியிருந்தாங்கள். கதவு திறந்து கிடந்தது. கால் ரெண்டும் வெளியில தொங்கிச்சுது, செருப்பில்லை. எனக்கு முன்னால என்ர அண்ணா போனான். சாக்கு ஆடிச்சுது. அடுத்தது நான். நான் நிமிந்து பாக்கேல்லை, அந்தக் கால் ரெண்டையும்தான் பாத்துக்கொண்டு நிண்டன். சாக்கு ஆடேல்லை. நான் வீட்டுக்கு வந்தன், அண்ணா வரேல்லை. இண்டைக்கு வரைக்கும் வரேல்லை.

இதைத் தலைக்குள்ள வைச்சுக்கொண்டு மச்சானோட எப்பிடிச் சிரிக்கிறது? நான் அவனோட சண்டை பிடிக்கேல்லை. அதைவிட மோசமா ஒண்டு செய்தன். அவனை மச்சான் எண்டு கூப்பிடுறதை விட்டன். 'நீ' எண்டு கதைச்சதை 'நீர்' ஆக்கினன். எங்கட பேச்சில 'நீர்' எண்டிறதில மரியாதையும் பெரிசா இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆளை உள்ளுக்கு எடுக்காமல், கதவையும் சாத்தாமல், வாசலிலயே நிப்பாட்டி வைக்க அதைவிட நல்ல சொல் கிடையாது. "சாப்பிடும்." "இரும்." "போட்டு வாரும்." மூண்டு வருசம் அவனோட நான் கதைச்சது இவ்வளவுதான்.

சனிக்கிழமை காலமை எட்டு மணிக்கே வந்து நிண்டான். "அத்தான்" எண்டான். "வாரும்" எண்டன். மனிசி குசினி யன்னலுக்கால பாத்துக்கொண்டு நிண்டாள், கையில கரண்டி.

அவன் தன்ர வாகனத்தில இருந்து இரும்பு ஸ்ராண்ட் நாலு இறக்கினான். ஜாக் அடிச்சு உயர்த்தினபிறகு யூட்டைத் தாங்கிப் பிடிக்கிறது இந்த நாலும்தான். ஒண்டு சறுக்கினால் கீழ கிடக்கிறவன் சப்பளிஞ்சு போவான். "அத்தான், நீங்கள் ஜாக் அடிச்சு ஸ்ராண்டை வையுங்கோ, நான் சாமானைப் பிரிக்கிறன்," எண்டான். நான் வைச்சு முடிச்சன். அவன் வந்து அதைத் தட்டிப் பாக்கேல்லை, ஆட்டிப் பாக்கேல்லை, குனிஞ்சு நேர கீழ பூந்திட்டான். நானெண்டால் மூண்டு தரம் உதைஞ்சு பாத்திருப்பன். இவன் ஏன் பாக்கேல்லை? ஒண்டில் கவலையீனம், இல்லாட்டி எனக்கு நடிச்சுக் காட்டுறான் எண்டு நினைச்சன்.

ஆள் கீழ போனபிறகு அவன்ர கால் ரெண்டு மட்டும் வெளியில நீட்டிக்கொண்டு கிடந்தது. சப்பாத்தும் சாம்பல் நிறச் சொக்ஸும். அந்தப் பிக்கப்பில தொங்கின கால் எப்பிடி இருந்தது எண்டு யோசிச்சன். கறுப்போ, மெலிவோ, விரல் நீளமோ. எத்தனையோ வருசமா அந்தக் காலைக் கண்ணுக்குள்ள வைச்சிருக்கிறன் எண்டு நினைச்சவன், அண்டைக்கு ஒரு நகத்தைக்கூட நினைவுக்குக் கொண்டுவர முடியேல்லை.

"பதினேழு தாங்கோ அத்தான்."

பதினேழாம் நம்பர் ஸ்பனரைக் குடுத்தன்.

வேலை தெரிஞ்சவன், அதை நான் மறைக்கமாட்டன். முன்பக்கத்துப் பழைய ஸ்பிரிங்கை நோகாமல் கழட்டி, புதுசைத் தூக்கி வைச்சு, ஒவ்வொரு போல்ட்டையும் முதல் கையால திருகி, பிறகு அளவு காட்டுற ஸ்பனரால டிக் எண்டு சத்தம் வரும்வரைக்கும் இறுக்கினான். ஆனால் எனக்குப் போதாது. அவன் அடுத்த பக்கம் போன உடன நான் பின்னால போய் அதே ஸ்பனரால திருப்பி இறுக்கிப் பாத்தன். பாத்ததுக்கு அடையாளமா, மனிசியின்ர சிவப்பு நெயில் பொலிஷைப் பொக்கற்றுக்குள்ள வைச்சிருந்தன், ஒவ்வொரு நட்டிலும் ஒரு கோடு. மெக்கானிக்மாரும் கோடு போடுறவங்கள்தான், நட் கழண்டால் தெரியிறதுக்கு. ஆனால் அவங்கள் தங்கட வேலைக்குப் போடுவாங்கள். நான் அவனுக்குப் போட்டன்.

பத்தரைக்கு மனிசி ரோல்ஸ் பொரிச்சுக் கொண்டுவந்தாள். அவன் எண்ணெய்க் கையோட ஒண்டைக் கடிச்சுக்கொண்டு, "அக்கா, பேர்த்தில இப்பிடி ஆர் தருவினம்?" எண்டான். பகிடியாத்தான் சொன்னான். அவள் சிரிக்கேல்லை, என்னைப் பாத்தாள். நான் ரோல்ஸைப் பாத்தன்.

பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். அதைப் பூட்டினபிறகு, குலுக்கத்தை அடக்கிற சொக் ரெண்டும் மாட்டவேணும். வலப்பக்கத்தை அவன் பூட்டினான். இடப்பக்கத்துச் சொக்கின்ர கீழ் நட்டைக் கையால திருகிவிட்டிட்டு, "அத்தான், இதை நீங்கள் இறுக்குங்கோ. நான் ரயரைக் கொண்டுவாறன்," எண்டான். ஓம் எண்டன். ஆனால் அந்த நேரம் எனக்கு அவன் இறுக்கின வலப்பக்கத்தில ஒரு ஐமிச்சம், சரியா இறுக்கினவனோ எண்டு. அங்கை போய்ப் பாத்து, கோடு போட்டு, திரும்பி வர அவன் ரயரை உருட்டிக்கொண்டு வந்திட்டான். புது ரயர் பழசைவிட நல்ல உயரம், முள்ளுப் பெரிசு. நாலையும் பூட்டி யூட்டை இறக்க, அது எங்கட வேலிக்கு மேலால பக்கத்து வீட்டுக்காரனை எட்டிப் பாத்தது.

"நட் எல்லாம் ஓட ஓடக் கொஞ்சம் இளகும்," எண்டான். "ஐந்நூறு கிலோமீற்றர் ஓடினபிறகு திருப்பி ஒருக்கா இறுக்கவேணும். மறக்காதேங்கோ. பெரிய ரயர் போட்டால் மீற்றரும் ஓடுறதைவிடக் குறைச்சுத்தான் காட்டும், அதை நம்பாதேங்கோ." நான் நம்பாமல் இருக்கிறதுக்கு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை எண்டு மனசுக்குள்ள நினைச்சன்.

ஓடிப் பாக்கவேணும் எண்டு ரெண்டு பேரும் வெளிக்கிட்டம். அவன் தன்ர சாமான் பெட்டியைத் தூக்கிப் பின்னால போட்டான். மலைப்பக்கம் ஏத்தம் இறக்கம் இருக்கு, த பேசினுக்குப் போவம் எண்டது நான்தான். ஏன் அங்கை எண்டு கேட்டால் அப்ப எனக்கு மறுமொழி இல்லை. இப்ப இருக்கு.

பெரிய ரோட்டில ஒரு குறையும் இல்லை. கோயிலுக்குக் கிட்டவா வர, வேகத்தைக் குறைக்கப் போட்ட மேடு ஒண்டு. ஏறி இறங்கினன். ஒருக்காக் குந்தி எழும்பவேண்டிய யூட், மூண்டு நாலு தரம் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிச்சுது. அடுத்த மேட்டிலும் அதே ஆட்டம். பாத்தியோ, கடைசியில பிடிச்சிட்டன் எண்டு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு குளிர்ச்சி. வெக்கமாத்தான் கிடக்கு, எண்டாலும் உண்மை அதுதான்.

"என்ன இது தலையாட்டுது?" எண்டன். அதோட விட்டிருக்கலாம். என்ர வாய் விடேல்லை. "நல்ல தலையாட்டி வேலைதான் செய்து தந்திருக்கிறீர்."

தற்செயலா வந்த சொல் எண்டு சொன்னால் நான் பொய்யன். மூண்டு வருசமா நாக்குக்குக் கீழ வைச்சிருந்த சொல் அது.

நான் கோயில் கார் பார்க்குக்குள்ள விட்டு நிப்பாட்டினன். மத்தியானப் பூசை முடிஞ்சு சனம் போயிட்டுது, வளவு வெறிச்சோடிக் கிடந்தது. எஞ்சின் நிண்டபிறகுதான் அவன் வாய் திறந்தான்.

"இதைச் சொல்லத்தான் கனகாலமாப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள் என்ன, அத்தான்?"

நான் ஸ்ரேறிங்கைப் பிடிச்சபடி இருந்தன்.

"வேட்டிக்கு மேல கம்பளி போட்ட அங்கிளோ சொன்னவர்?"

"ஓம்."

"என்னட்டையும் சொன்னவர்."

"என்னத்தை?"

"உங்களைப் பற்றி."

அவன் கண்ணாடிக்கால முன்னுக்குப் பாத்துக்கொண்டே சொன்னான். "உம்மட அத்தானும் தமையனும் ஒரே வரிசையில நிண்டவை. தமையனை ஏத்தினாங்கள். அடுத்ததா நிண்ட தம்பியை ஏன் விட்டாங்கள்? ஆரைக் குடுத்திட்டு ஆர் தப்பினது? யோசிச்சுப் பாரும் எண்டவர். இதே இடத்திலதான். நெருப்பில்லாமல் புகையாதாம்."

அட பாவி! அந்த அங்கிளை அந்த இடத்தில கண்டிருந்தால் நான் என்ன செய்திருப்பன் எண்டு தெரியாது. ஆனால் கோவம் நிண்டு பிடிக்கேல்லை. ஏன் என்னை விட்டாங்கள் எண்ட கேள்வியை நான் என்னட்டைக் கேக்காத நாளில்லை. அண்ணாவைக் காட்டின சாக்கு என்னை ஏன் காட்டேல்லை? எனக்குத் தெரியாது. கடவுளாணைத் தெரியாது. ஆனால் இன்னொருத்தன் அதைக் கேக்க, நான் மறுமொழி சொல்லவேண்டிய இடத்தில இருக்கிறது அண்டைக்குத்தான் முதல் தரம். அந்த இடத்தில நான் இவனை மூண்டு வருசமா இருத்தி வைச்சிருந்திருக்கிறன்.

"நீர் நம்பினீரோ?" எண்டன்.

"கொஞ்சம் நம்பினனான் அத்தான். பொய் சொல்லமாட்டன்."

"பிறகென்னத்துக்கு நான் ஜாக் அடிச்சு வைச்ச யூட்டுக்குக் கீழ, ஒண்டும் பாக்காமல் போய்ப் படுத்தனீர்?"

"அக்கா இருவது வருசமா உங்களை நம்பி இருக்கிறா. நான் ஒரு காலமை நம்பினால் குறைஞ்சோ போவன்?"

நான் ஸ்ரேறிங்கில இருந்து கையை எடுத்தன்.

"நான் தலையாட்டேல்லை," எண்டான் பிறகு. "என்னை இருத்தினவங்கள். சாக்கும் போட்டவங்கள். ஆட்டேல்லை. அதுக்குப் பிறகு நடந்ததை இப்ப கேக்காதேங்கோ." கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். நான் அந்தக் கணமே நம்பினன் எண்டு சொன்னால் பொய். இவ்வளவு காலப் பழக்கம் ஒரு வசனத்தில போகாது. ஆனால் நம்பாமல் இருக்க எனக்கு வெக்கமாக் கிடந்தது.

ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் குனிஞ்சான். யூட் இப்ப உயரம், ஜாக் தேவையில்லை. கொஞ்ச நேரத்தால, "அத்தான், வந்து பாருங்கோ," எண்டு சத்தம் கேட்டுது. போய்க் குனிஞ்சன். லைற் வெளிச்சத்தில முன்னுக்கிருந்து பின்னுக்கு வரைக்கும் என்ர சிவப்புக் கோடுகள் வரிசையா மினுங்கிச்சுது. அவன் இறுக்கின நட் ஒண்டும் அரைக்கால் சுத்துக்கூட அசையேல்லை. இடப்பக்கத்துச் சொக் மட்டும் கீழ்முனை கழண்டு தொங்கிக்கொண்டு கிடந்தது. நட்டைக் காணேல்லை. அது ரோட்டில எங்கையோ.

"உங்கட கோடு இல்லாத நட் இது ஒண்டுதான்," எண்டான். நக்கலாச் சொல்லேல்லை, சும்மா சொன்னான்.

"கோடு போட்டதைக் கண்டனீரோ?"

"முதல் நட்டிலயே கண்டனான். அக்காவின்ர நெயில் பொலிஷ் முடியப்போகுதே எண்டுதான் யோசிச்சன்."

அவன் இறுக்கினதை எல்லாம் காவல் காத்துக்கொண்டு திரிஞ்சு, எனக்குத் தந்த ஒரே ஒரு நட்டை நான் இறுக்காமல் விட்டிருக்கிறன். தொங்கின சொக் ரயரில சிக்கி யூட் பிரண்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? பக்கத்தில இருந்தவன் அவன். குசினி யன்னலில கரண்டியோட நிண்டவளுக்கு நான் என்னத்தைச் சொல்லியிருப்பன்?

அவன் பெட்டியைக் கிண்டி வேற நட் ஒண்டை எடுத்துக்கொண்டு, சரளைக் கல்லில படுக்கப்போனான். நான் தோளில பிடிச்சு நிப்பாட்டினன். சேட்டோட அப்பிடியே கீழ பூந்திட்டன். கல்லு முதுகைக் குத்திச்சுது. இறுக்கத் தொடங்க, மேலயிருந்து அவன்ர குரல் வந்தது.

"பேர்த்துக்காரங்களுக்குத் திங்கக்கிழமை மறுமொழி சொல்லவேணும் அத்தான். நான் என்னண்டு சொல்ல?"

மனிசி வியாழக்கிழமை கேட்டதும் இதைத்தான். ஒரு நல்ல சொல்லாச் சொல்லுவம் எண்டுதான் பாத்தன். எனக்கு அப்பிடிச் சொல் வாறேல்லை. வந்தது கோவம்தான்.

"விசர்க்கதை கதையாதை," எண்டன். "ஐந்நூறு கிலோமீற்றர் ஓடினபிறகு எல்லா நட்டையும் திருப்பி இறுக்கவேணும் எண்டனீ. அதுக்கு ஆர் வாறது? நீ பேர்த்திலயிருந்தோ வருவாய்? இஞ்சையே நில், மச்சான்."

ஒரு சத்தமும் இல்லை. யூட்டுக்குக் கீழ கிடந்த எனக்கு அவன்ர கால் ரெண்டும்தான் தெரிஞ்சுது, சப்பாத்தும் சாம்பல் நிறச் சொக்ஸும். அது அசையாமல் நிண்டுது.

"என்னடாப்பா, மறுமொழியைக் காணேல்லை?"

"தலையாட்டினனான் அத்தான்," எண்டான்.